கடைசி ஒன்பது நிமிடம்

மில்லிக்கன், கனடா,
மாசி 8, ஞாயிறு.

அன்பின் அருள்மலருக்கு,

இங்கே நானும் மகள் மயூரியும் சுகம். அங்கே கொக்குவிலில் நீரும் உம்முடைய அக்காவும் சுகமாக இருக்க அம்மாளாச்சி துணை நிற்கட்டும். கடிதத்தைக் கண்டதும் யாருக்கோ வருத்தமாக்கும் என்று பயப்பட வேண்டாம். வட்ஸ்அப்பில் கதைத்தால் உமக்குப் பின்னால் அக்கா, மருமக்கள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் வந்து நின்று கை காட்டுகிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் முப்பது வருடத்துக்குப் பிறகு உமக்கு எழுதுகிறேன். கையெழுத்து கெட்டுப்போய்விட்டது, பொறுத்துக்கொள்ளும்.

முதலில் வீட்டுப் புதினம். ஸ்நோ முழங்கால் அளவு கிடக்கிறது. உம்முடைய கறிவேப்பிலைச் செடி இன்னும் உயிரோடு இருக்கிறது, அதை மெச்சத்தான் வேண்டும். மயூரி ரெக்ஸ்டேலில் யாரிடமோ பழைய வீடியோ கமரா ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். தோளில் தூக்கி வைத்து எடுக்கிற அந்தப் பெரிய சாமான்தான். கையில் இருக்கிற போன் தலைமயிரைக்கூட எண்ணிக் காட்டும், பிள்ளைக்கு அது பிடிக்கவில்லையாம். போனில எல்லாம் ரூ மச் கிளீன் அப்பா, ஒண்டைப் பத்துத் தரம் எடுத்து அழிக்கிறம், இதில எடுத்தா எடுத்ததுதான் என்கிறாள். அவளுடைய கூட்டாளிகள் எல்லாருக்கும் இப்போது இந்தப் பைத்தியம். எனக்கோ உள்ளுக்குள் சரியான புளுகம், பெருமை. ரிமோட்டை நேராகப் பிடிக்கத் தெரியாத அப்பா ஒரே நாளில் எஞ்சினியர் ஆகிவிட்டேன்.

இனித்தான் விசயம், கோபிக்க வேண்டாம். சிநேகிதி நிலக்சியின் எங்கேஜ்மென்றை எடுக்க மயூரியிடம் வெறும் கசெற் இருக்கவில்லை. பேஸ்மென்றில் பெயர் ஒட்டாத கசெற் ஒன்று கிடந்தது. அந்தக் காலத்துப் படக் கொப்பியாக்கும் என்று எடுத்துக் கொடுத்தேன். கமரா பதிய மறுத்தது. பார்த்தால், கசெற்றின் விளிம்பில் இருக்கிற சின்னப் பிளாஸ்ரிக் துண்டை யாரோ உடைத்திருக்கிறார்கள். அதை உடைத்துவிட்டால் மேலே வேறொன்றும் பதிய முடியாது. ஆனால் அந்த ஓட்டையில் ஒட்டுகிற ரேப்பில் ஒரு துண்டு வைத்தால் கமரா ஏமாந்துவிடும். பெரிய கெட்டிக்காரன் மாதிரி மயூரிக்கு ஒட்டிக் காட்டினேன்.

அது நம்முடைய கலியாணக் கசெற், அருள். அந்தத் துண்டை உடைத்து வைத்தது நீராகத்தான் இருக்கும்.

தாலி கட்டினது அழிந்துபோய்விட்டது. மொன்றியலிலிருந்து வந்து உம்மைத் தாரை வார்த்துத் தந்த உம்முடைய மாமாவும் படத்திலிருந்து போய்விட்டார். அந்த இடத்தில் நிலக்சியும் மாப்பிள்ளையும் கேக் வெட்டுகிறார்கள். வேறு கொப்பியும் நம்மிடம் இல்லை. மயூரி அழுதாள். நான் அம்மாட்டச் சொல்லுறன் என்றாள். ஒட்டினது நான், நானே சொல்லுறன் என்றேன்.

கேக் முடிந்ததும் படம் கோடு கோடாக இழுத்தது, பிறகு பழையது வந்தது. சனம் சாப்பிட்டுப் போய், மண்டபத்துக் கதிரைகளை அடுக்குகிற நேரம். வீடியோ எடுத்த விநாயகமூர்த்தி அண்ணை கமராவை நிறுத்த மறந்து மேசையில் வைத்துவிட்டு எங்கோ போயிருக்கிறார். இந்தக் காலம் என்றால் அந்தத் துண்டை முதலில் வெட்டி எறிந்திருப்பார்கள். மேடையில் கூறைச் சேலையோடு நீர் தனியே இருக்கிறீர். ஒன்பது நிமிடம். மாலையைச் சரி செய்தீர். வாசலைப் பார்த்தீர். கதிரை அடுக்குகிறவர் ஏதோ கேட்க, தலையாட்டிச் சிரித்தீர். திரும்பவும் வாசலைப் பார்த்தீர். நான் கார் பார்க்கில் கூட்டாளிகளோடு பகிடி விட்டுக்கொண்டு நின்றேன். கனடாவுக்கு வந்து உமக்கு அது நாலாம் நாள். மாமாவும் வெளிக்கிட்ட பிறகு அந்த மண்டபத்தில் என்னைத் தவிர ஒருவரையும் உமக்குத் தெரியாது. கசெற் முடியும் வரைக்கும் நான் உள்ளே வரவேயில்லை.

ஓட்டையில் ஒட்டின அந்த ரேப்பை உரித்து எறிந்துவிட்டேன்.

நீர் ஊருக்கு வெளிக்கிட்ட அன்று எயர்போட்டில் எப்ப திரும்பி வாறீர் என்று கேட்டேன். தனிய இருந்து பழகிட்டன், எங்க இருந்தா என்ன என்றீர். களைப்பில் சொல்கிறீர் என்று நினைத்தேன். அக்காவின் முழங்கால் ஒப்பரேசனுக்குத் துணையாக இரண்டு மாதம் என்று போனீர், இது எட்டாவது மாதம். அக்கா இப்போது கோயில் வீதியைச் சுற்றி நடக்கிறாவாம். அப்படியும் நான் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வேலை, ஓவர்டைம், சங்கக் கூட்டம், கடதாசி விளையாட்டு என்று முப்பது வருடமும் அந்தக் கார் பார்க்கிலேயே நின்றிருக்கிறேன் போல. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அருள். நான் பிழை விட்டுவிட்டேன்.

அந்த ஒன்பது நிமிடத்தை டிஜிற்றலில் மாற்றி அம்மாவுக்கு அனுப்பட்டோ என்று மயூரி கேட்டாள். வேண்டாம் என்றேன். அதில் இருப்பது உமக்குத் தெரியாததல்ல, இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்தவன் நான்தான்.

உம்மை வாரும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், பங்குனி பன்னிரண்டாம் திகதி கொக்குவிலுக்கு வந்துவிடுவேன். அக்காவுக்குச் சொல்லும். சொல்ல மனமில்லை என்றாலும் பரவாயில்லை, நான் கேற்றடியில் நிற்கிறேன். நீர் வெளியே வர எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பேன்.

சுகமாக இரும்.

உம்முடைய
பத்மநாதன்