டீக் ஹை சாப்

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. சிம்மக்கல். பாத்திரக்கடை மாடியில் சுந்தரராஜ் அண்ணன் அறை. ரெஜிமெண்டில் கிளார்க்காக இருந்தவர். இப்போது எங்களைப் போன்ற பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறார். இலவசம்தான், திட்டு மட்டும் உண்டு.

கொண்டுபோனவை: டிஸ்சார்ஜ் புக், பழைய மெடிக்கல் பேப்பர், ஆதார், போட்டோ நான்கு, காது டாக்டர் சீட்டு. மறந்தது: படிக்கிற கண்ணாடி.

காதுக்காக ஊன பென்ஷன். இடது காது சுத்தமாக இல்லை. பதினேழு வருடம் பீரங்கிப் பக்கத்தில் நின்ற பலன். போன மாதம் கேட் டியூட்டியில் பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்கவில்லை. மயிரிழையில் தப்பினேன். மறுநாளே வேலை போய்விட்டது. இனி எவன் என்னை வாட்ச்மேனாக வைப்பான்?

அண்ணன் பழைய பேப்பரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏப்பா பாண்டி, ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மெடிக்கல் பாத்தாகள்ல, அப்ப என்ன சொன்ன?"

"டாக்டர் இந்தியில கேட்டாருண்ணே. டீக் ஹை சாப்ன்னேன்."

"அதத்தான் எழுதியிருக்காரு. காதுல குறை ஒண்ணுமில்லன்னு. கீழ உன் கையெழுத்து. எதுக்குய்யா அப்பிடிச் சொன்ன?"

"அழகர் ஆத்துல எறங்க நாலு நாள்தான் இருந்துச்சு. ரயிலப் பிடிக்கணும்."

பேனாவை மூடிவிட்டார். அப்புறம் ஒரு டீ சொன்னார். திரும்பவும் பேனாவைத் திறந்தார்.

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். சமையல் கேஸ் பதிந்தாயிற்று. வீட்டுக்காரி செல்விக்குத் தலைவலி மாத்திரை.

அண்ணனிடம் சொன்னது பாதி உண்மை. ரயில் அவசரம் உண்டுதான். ஆனால் அன்று டாக்டர் கேட்டதே என் காதில் விழவில்லை. விழவில்லை என்று சொல்ல வெட்கம். பட்டாளத்தில் எல்லாவற்றுக்கும் அந்த மூன்று வார்த்தை போதும். டிரில், சாப்பாடு, லீவு ரத்து, எதுவானாலும் டீக் ஹை சாப், சரிங்க ஐயா. இப்போது என் வாயே என்னை மாட்டிவிட்டிருக்கிறது. பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபப்படுவது?

ஜூன் 8, ஞாயிறு

சாட்சிக் கடிதம் வேண்டுமாம். கொட்டாம்பட்டி போனேன். முருகேசன், என்னோடு ஒரே பீரங்கியில் நின்றவன். டிவி தெருமுனை வரை அலறுகிறது.

"மாப்ள, ஃபயரிங்ல காது போச்சுன்னு நான் எழுதிக் குடுத்தா, அப்ப உன் காது எப்பிடின்னு என்னையக் கேப்பாய்ங்க. ஸ்கூல் வேன் ஓட்டுறேன். லைசென்ஸ் போயிரும்."

"உனக்கும் கேக்கலயா?"

"எப்ப வந்த? சாப்பிட்டியா?" என்றான்.

கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவன் வீட்டுக் கொய்யா ஆறு. கடிதம் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மூன்று மாதம் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? விண்ணப்பம் தள்ளுபடி. அண்ணன் அப்பீல் போட்டார். இன்று தபால்: மெடிக்கல் போர்டு, 22ஆம் தேதி, ராணுவ ஆஸ்பத்திரி.

அண்ணன்: "காது கேக்கலங்கிறத மிசினே சொல்லிரும். எப்பயிருந்துன்னு கேப்பாக. கேசே அந்த ஒரு கேள்விதான். 'சர்வீஸ்ல, ஃபயரிங்ல.' அம்புட்டுத்தான் பேசணும். அந்த மூணு வார்த்தைய மட்டும் சொல்லிராத, உனக்குப் புண்ணியமாப் போகும்."

செப்டம்பர் 14, ஞாயிறு

தூறல். செல்வி டாக்டராக நடித்தாள். துண்டால் வாயை மூடிக்கொண்டு இடது பக்கம் நின்று என்னவோ கேட்டாள். என்னை அறியாமல் வந்துவிட்டது: டீக் ஹை சாப்.

செ. துண்டை எடுத்தாள். "உங்க பேரத்தான் கேட்டேன்."

சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. "நீங்க டீக் ஹைன்னா கேக்கலன்னு அர்த்தம். கல்யாணமான புதுசுலயே தெரியும். அதான் எப்பவும் வலது பக்கமே வாரேன்."

இத்தனை வருடம் எனக்குத் தெரியாது, அவள் பக்கம் பார்த்து நடப்பது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பை: பேப்பர் எல்லாம், சட்டை ரெண்டு, புளிச்சோறு, கண்ணாடி (முதலில் இதை!). ரயில் மூன்று மணிக்கு. செ. என் உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருக்கிறாள்: சர்வீஸில். வியர்வையில் நிற்காது.

செப்டம்பர் 24, புதன்

வீடு வந்து சேர்ந்தேன். வெயில்.

போர்டில் மிசின் வைத்துப் பார்த்தார்கள். இடது: பூஜ்யம். அதுவரை சரி.

அப்புறம் டாக்டர் அம்மா. முகத்தில் மாஸ்க். என் இடது பக்கம் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி என்னவோ கேட்டார். கை ஈரம், எழுத்து கலங்கிக் கிடக்கிறது. 'திருப்பிச் சொல்லுங்க மேடம்', அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும்.

"டீக் ஹை சாப்."

என்னைப் பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். பொம்பளையிடம் சாப். என்னவோ டைப் செய்தார்.

பேப்பர் வந்தது. இங்கிலீஷ். கண்ணாடி பையில், பை வெளியே. இந்த முறை சும்மா கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். பக்கத்தில் உதவிக்கு நின்ற ஆர்டர்லி தமிழ்ப் பையன். "என்ன எழுதியிருக்காக, வாசிச்சுச் சொல்லு தம்பி" என்றேன். என் குரலே எனக்குப் பெருமையாக இருந்தது.

வாசித்தான். பொறுமையாக, முழுசாக, இடது பக்கம் நின்றுகொண்டு. கடைசியில் குனிந்து முகத்தைப் பார்த்து, "சரிதானண்ணே?" என்றான். அது மட்டும் புரிந்தது.

பின்னால் வரிசையில் இன்னும் எட்டுப் பேர்.

கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செ. கேட்டாள், "எப்பயிருந்துன்னு கேட்டாகளா? என்ன எழுதியிருக்காக?" வலது பக்கம் நின்றுதான் கேட்டாள். காதில் விழாதது மாதிரி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.