லிஃப்டுக்கு வெளியே நிற்பவர்கள்

என் செல்லச் சின்னவனுக்கு, அம்மா எழுதுவது.

நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கு நானும் அப்பாவும் நலம் என்று எழுதித்தான் என் கைக்குப் பழக்கம். இந்த முறை நான் நலம் என்று மட்டும் எழுதுகிறேன். அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லாமல் இதென்ன புதுப் பழக்கம் என்று கேட்பாய். போனை எடுத்தால் நாம் எல்லோருமே நன்றாக நடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம்டா. நீ அந்தப் பக்கம் சிரிக்கிறாய், நான் இந்தப் பக்கம் சிரிக்கிறேன், அப்பா நடுவில் படுத்துக்கொண்டு இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுதும்போது எனக்கு அந்த வித்தை வராது. தபாலில் போட்டால் என்றைக்கு வந்து சேருமோ, அதனால் பெரியவள் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் ஆபீஸ் விட்டு நேராக இங்கேதான் வருகிறாள், பாவம், பாதி ஆளாகிவிட்டாள். அவள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, ஆனாலும் வாய் மூடுவதில்லை. என் தையல் கடை அரைநாள்தான் திறக்கிறேன். பேன்ட் நீளம் குறைக்கக் கொடுத்தவர்கள் எல்லாம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், இனி எந்த மருந்தும் கேட்காது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் செய்யக்கூடியது என்று சொன்ன அன்று, நீயும் நானும் பெரியவளும் பேசி ஒரு முடிவு எடுத்தோமே. அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது, ஈரலில் கொஞ்சம் வீக்கம், உடம்பு தேறும்வரை ஓர் இல்லத்தில் ஓய்வு, அவ்வளவுதான் என்று சொல்லுவோம் என்று. நீ அன்றைக்கே கிளம்பி வருகிறேன் என்றாய். நான்தான் தடுத்தேன். நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் அவருக்குச் சந்தேகம் தட்டிவிடும், வழக்கம்போல் வருஷக் கடைசி லீவில் வா என்றேன். அப்போது அது எனக்கு மகா புத்திசாலித்தனமாகப் பட்டது.

அதற்குப் பிறகு இல்லம் தேடி அலைந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்தாய். ராத்திரி வலி வந்தால் யார் வருவார்கள், ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி, டாக்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார், வீட்டார் கூடத் தங்கலாமா. ஒன்று விடாமல் கேட்டேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் என் சொந்தக் கேள்வி ஒன்றைக் கேட்டேன், அதை உன்னிடம் சொல்லவில்லை. அவருடைய நிலைமையை அவரிடம் சொல்ல மாட்டீர்களே என்பதுதான் அது. யார் அழகாக மறைப்பார்களோ அவர்களே நல்லவர்கள் என்று நானே ஒரு பரீட்சை வைத்து மார்க் போட்டேன்.

முதலில் பார்த்தது உனக்கும் படம் அனுப்பினேனே, அந்த மீன்தொட்டி வைத்த இடம். வாசலிலேயே ஆள் உயரத்துக்குத் தொட்டி, பளபளவென்று தரை, தேன் ஒழுகப் பேசும் மேலாளர். நான் வாயைத் திறக்கும் முன்பே, கவலையே வேண்டாம்மா, இங்கே எல்லோரும் அவருக்கு நம்பிக்கை கொடுத்தே பேசுவார்கள் என்றார். உன் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் எல்லாம் இருக்கிறது, எல்லாம் செய்வோம் என்றே பதில். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இரண்டாவது, பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பழைய மாடிக் கட்டடம். சுவரில் வண்ணம் உரிந்திருந்தது, ஆனால் படுக்கை விரிப்புகளில் சோப்பு வாசனைதான் வந்தது, வேறு வாசனை இல்லை. அங்கே மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு மூத்த நர்ஸ் அம்மா. என் கேள்வியைக் கேட்டுவிட்டு, "நாங்களாப் போய் எதுவும் சொல்ல மாட்டோம்மா. ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டோம்" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. என் புருஷனுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாதா என்று சண்டைக்குப் போய்விட்டேன். அந்த அம்மா பதிலுக்குக் கத்தவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரிக்கு யார் என்று கேட்டதற்கு, சில நாள் ஒரே நர்ஸ்தான் இருப்பார், மணி அடித்ததும் ஓடிவர முடியாது, பத்து நிமிஷம்கூட ஆகலாம் என்று அதையும் உள்ளபடி சொன்னார். தன் இடத்துக் குறையைத் தானே சொல்கிறவளிடம் யாராவது ஆளைக் கொண்டுபோய் விடுவார்களா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். உன்னிடம் மீன்தொட்டி இடம்தான் சிறந்தது என்றேன். நீயும் சரிம்மா என்றாய்.

அப்பாவை அங்கே சேர்த்தோம். போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே அவர் ஒரு வேலை செய்தார். அறைக்குள் யார் வந்தாலும், ஊசி போட வந்தாலும் சரி, தரை துடைக்க வந்தாலும் சரி, நான் எப்போது வீட்டுக்குப் போவேன் என்று கேட்பார். ஒருவர் ரெண்டே நாள் சார் என்பார். இன்னொருவர் அடுத்த வாரம் என்பார். மேலாளர் தோளில் தட்டி, நீங்கள் ஓடியே போகப்போகிறீர்கள் என்றார். அப்பா எல்லோருக்கும் தலையாட்டுவார். எவ்வளவு ஆசையாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு வெளியே போய் அந்த மீன்களைப் பார்த்தபடி நின்றுவிட்டு வருவேன். ஒருநாள் காலையில் நான் போனபோது ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கினார் என்று நர்ஸ் சொன்னாள். அவள் பின்னால் படுத்திருந்த அப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். போர்வையின் ஓரத்தைக் கடித்துக் கடித்து நூலாக்கி வைத்திருந்தார். துணி எனக்குத் தெரியாதா. ராத்திரி வலி தாங்காமல் மணி அடித்தாராம். இதோ வர்றேன் சார் என்று குரல் மட்டும் வந்ததாம். மறுபடி அடித்தாராம். இதோ வர்றேன் சார். மூன்றாவது தடவை அடிக்கவில்லை என்றார். உன் அப்பாவுக்கு மூக்குமேல் கோபம் வரும் என்று உனக்குத் தெரியுமே. அன்று கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆரஞ்சு உரித்துக்கொண்டே, மேலாளரைப் போய் ஒரு வழி பண்ணிவிட்டு வருகிறேன் என்றேன். உட்கார் என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு பாடம் சொல்வாரே, நீயும் சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ தடவை கேட்டிருப்பாய். லிஃப்ட் நடுவில் நின்று ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டால், வெளியே நிற்கிறவன் இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் உள்ளே இருக்கிறவர்கள் கொஞ்ச நேரத்தில் கதவை உடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அரைமணி ஆகும், நான் இங்கேயேதான் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது போதும், உட்கார்ந்துவிடுவார்கள். அதை எனக்கு நினைவுபடுத்திவிட்டு, "இங்க எல்லாருமே இதோ வந்துடும்னு சொல்ற ஆளுங்க. பொய் சொல்லாதது வாசல்ல இருக்கிற மீனுங்க மட்டும்தான்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீயும்தான் சொல்றே" என்றார்.

என்ன உளறுகிறீர்கள் என்று சமாளிக்கப் பார்த்தேன். அவருக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டதாம். எப்படி என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. "மாசத்துக்கு ரெண்டு தடவை போன் பண்றவன் தினம் பண்றான். அதுகூடப் பரவால்ல. என் ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறான். என் ஜோக்குக்கு அவன் என்னிக்குச் சிரிச்சிருக்கான்?" நான் அழுதேன்டா. எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததோ, அணை உடைந்ததுபோல் வந்தது. அவர் பாட்டுக்கு, அழுது முடித்துவிட்டு அந்த ஆரஞ்சைக் கொடு, கையிலேயே வைத்துச் சாறு பிழிகிறாய் என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் மூன்று பேரும் கஷ்டப்பட்டு நாடகம் போடுகிறீர்கள், நடுவில் எழுந்து போனால் நன்றாகவா இருக்கும் என்றார். இப்படி ஒரு மனுஷனோடு நான் குப்பை கொட்டியிருக்கிறேன்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். நீ பார்த்த இடங்களில் யாராவது உன்னிடம் ஒத்துக்கொள்ளாமல் மல்லுக்கு நின்றார்களா என்று. எனக்கு அசடு வழிந்தது. டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் இடத்தையும் அந்த நர்ஸ் அம்மாவையும் பத்து நிமிஷத்தையும் சொன்னேன். அங்கே போகலாம் என்றார். மறுநாளே போனேன். எந்த முகத்தோடு போவது என்று இருந்தது, அந்த அம்மா என்னைக் குத்திக்காட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை உட்காரவைத்து, உங்கள் வீட்டுக்காரருக்கு எதைக் கண்டு பயம் என்று கேட்டார். நோய் என்ன, மருந்து என்ன என்றெல்லாம் பிறகுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்து, அவருக்கு எந்த ரசம் பிடிக்கும், எந்தச் சட்டை கழுத்தில் உறுத்தும் என்று சொல்வேன், இது தெரியவில்லை. கேட்டதே இல்லை. பொய் சொல்லிக்கொண்டிருக்கிறவள் எப்படிக் கேட்க முடியும்? திரும்பி வந்து அவரிடமே கேட்டேன். "அவன் வந்து நிக்கும்போது நான் பேச முடியாமக் கிடப்பேனோன்னுதான்" என்றார்.

உன்னைத்தான் சொன்னார்.

இப்போது டிப்போ இல்லத்தில்தான் இருக்கிறோம். இந்தக் கடிதத்தை அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அவருக்குத் தெரியும். இங்கே வந்த அன்றே அதே கேள்வியைப் போட்டார், நான் எப்போது வீட்டுக்குப் போவேன் என்று. அந்த நர்ஸ் அம்மா செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வீட்டுக்குப் போயி இருக்க முடியும்னு எனக்குத் தோணலை சார். வலி அடங்கினா ஒரு பகல் போய்ட்டு வரலாம். எதுவானாலும் நாங்க இங்கயேதான் இருப்போம்" என்றார். அப்பா சரி என்றார். அன்று மத்தியானம் தூங்கினார்டா, உண்மையான தூக்கம், வாயைத் திறந்துகொண்டு. இந்த இடம் சொர்க்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. சோறு ஆறித்தான் வருகிறது, மின்விசிறி கடகடவென்கிறது, அப்பா அதை நாளெல்லாம் திட்டுகிறார். ஆனால் ராத்திரி ஒரே நர்ஸ் இருக்கும் நாளில் கட்டிலை அவர்கள் மேஜைக்குப் பக்கத்தில் தள்ளிவிடுகிறார்கள். வலி வரும் முன்பே மருந்து கொடுத்துவிடுகிறார்கள். பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷத்தில் வருகிறார்கள். நாளைக்கு உன் சிநேகிதர்கள் யாராவது, வயதான அப்பா அம்மாவுக்கு இப்படி ஓர் இடம் எப்படித் தேடுவது என்று உன்னிடம் கேட்டால், எங்களால் இது முடியாது என்று எதையாவது ஒன்றைச் சொல்கிறவர்களாகப் பார்க்கச் சொல். எல்லாம் முடியும் என்கிறவர்களிடம் விடவேண்டாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

இங்கே வரும் டாக்டரிடம் அப்பா நேராகவே கேட்டார், நான் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கப்போவது எவ்வளவு நாள் என்று. டாக்டர், சில வாரங்கள் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம், மருந்தைக் கூட்டவேண்டி வந்தால் மயக்கமாகவே இருப்பீர்கள் என்றார். வருஷக் கடைசி லீவு வரைக்கும் இல்லை கண்ணா. நான் உன்னைத் தடுத்துவைத்த நாட்களைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. மிச்சம் இருப்பதை வீணாக்க வேண்டாம். கிளம்பி வா. ஆபீஸில் என்ன சொல்வார்களோ என்று யோசிக்காதே, அங்கேயும் உள்ளதைச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள், பயணத்தில் வெறும் வயிற்றோடு இருக்காதே. நீ நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று மறக்காதே. இதைப் படித்ததும் அப்பாவுக்குப் போன் செய். இதோ வர்றேன்ப்பா என்று சொல்லாதே. எந்த நாள், எந்த நேரம் என்று சொல். எழுதியதைப் படித்துக்காட்டினேன், எல்லாம் சரிதான், ஒரு வரி சேர்த்துக்கொள் என்கிறார்: வந்து சேர்ந்ததும் அவர் அந்த மீன் ஜோக்கை உன்னிடம் சொல்வாராம், சிரிப்பு வராவிட்டால் சிரிக்க வேண்டாமாம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா