வளைவுக்கு இந்தப் பக்கம்

முத்தாரம்மன் துணை

தாராவி, பம்பாய்
14-8-1962

மரியாதைக்குரிய மரியசூசை அண்ணாச்சி அவர்களுக்கு,

என் பெயர் சுயம்பு. எனக்கும் சாத்தான்குளம் பக்கம்தான் ஊர். ரயில்வேயில் பயர்மேன், அதாவது இன்ஜினில் நெருப்புப் பார்க்கிறவன். உங்கள் தம்பி தனசீலன் இறந்த தந்தி கிடைத்திருக்கும். கொடுத்தது நான்தான். அவர் சட்டைப்பையில் நீங்கள் எழுதிய இன்லாண்டு கடிதம் இருந்தது. மழையில் நனைந்தும் விலாசம் அழியவில்லை.

தந்தியில் ‘ரயிலில் அடிபட்டு’ என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. இங்கே உள்ளூர் வண்டிகள் கரண்டில் ஓடுகின்றன. வெளியூர் போகிற வண்டிகளை இன்னும் கரி இன்ஜின்தான் இழுக்கிறது. நாங்கள் காலையில் பல்சார் பாசஞ்சரை எடுத்துக்கொண்டு போனோம். மாகிம் தாண்டி, கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற கழியின் மேல் ஒரு பாலம் உண்டு. அதற்கு முந்தின வளைவில் நடந்தது. அந்த இன்ஜினில் நான் இருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை வேறொருவரை எழுதச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

ஊரிலிருந்து ஆள் வரும்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கச் சம்மதிக்கவில்லை. தாராவியில் இருக்கிற உங்கள் வேதக்காரர்கள் கூடி, சாமியாரை அழைத்து ஜெபம் சொல்லி அடக்கம் செய்தார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன். அவர் ஜெபமாலையும் துணிமணிகளும் பார்சலில் வரும். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இப்படிக்கு,
சுயம்பு

*

சேசு மரி சூசை துணை

சவேரியார்குளம்
25-8-1962

அன்புள்ள தம்பி சுயம்புவுக்கு,

பார்சல் வந்தது. அம்மா சேசம்மாள் அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகக் கஞ்சி குடிக்கவில்லை. தனசீலன் மனைவி சகாயராணி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் அழக்கூட இல்லை. ‘எப்படி விழுந்தாவ, எப்படி விழுந்தாவ’ என்று அதையே கேட்கிறாள்.

தம்பி, நான் இந்தக் கோயிலில் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவன். தம்பியின் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கக் கேட்டு எங்கள் சாமியாரிடம் போனேன். அவர் தனியாகக் கூப்பிட்டு, “தவறி விழுந்தானா, தானா போய் விழுந்தானா?” என்று கேட்டார். தானாகப் போனவனுக்குப் பூசை கிடையாது, கோயிலில் பெயர் சொல்ல முடியாது. அது சட்டம். எனக்குத் தெரியாது சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களுக்குத் தெரியும். என்னிடம் மட்டும் சொல்லுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மரியசூசை

*

முத்தாரம்மன் துணை

தாராவி
2-9-1962

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நீங்கள் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்ட பிறகு மறைக்கத் தெரியவில்லை.

டிரைவர் இடப்பக்கம் நிற்பார். வலது கைப்பக்கம் திரும்புகிற வளைவில் இன்ஜினின் நீள வயிறு அவருக்கு முன்னால் மறைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் பார்க்க வேண்டியது என் கண். இன்னொரு ஆள் பின்னால் கரித்தொட்டியில் கரி உடைத்துக்கொண்டிருந்தான். ஆகவே பார்த்தது நான் ஒருவன்தான்.

தண்டவாளத்துக்கு வெளியே ஒருவர் மழையில் நின்றுகொண்டிருந்தார். டிரைவர் மோரேஷ்வர் நீளமாக விசில் கொடுத்தார். எப்போதும் அங்கே கொடுப்பார். விசிலைக் கேட்டு அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். சிலுவை போட்டார். பிறகு நடந்து வந்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நின்றுகொண்டார். நான் கத்தினேன். மோரேஷ்வர் பிரேக்கைப் போட்டார். அவ்வளவு பெரிய வண்டி எங்கே நிற்கும்?

அவர் தங்கியிருந்த சாலில், கூலிக்காரர்கள் குடியிருக்கிற அந்த வரிசை வீடுகளில், போய் விசாரித்தேன். மாதக்கணக்காக இருமலில் ரத்தம் வந்திருக்கிறது. டி.பி. என்று தெரிந்ததும் தோல் பட்டறையில் நிறுத்திவிட்டார்கள். ஊருக்குப் போனால் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஸ்டேஷனில் ‘ஆள் குறுக்கே வந்தான்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

சுயம்பு

*

சேசு மரி சூசை துணை

சவேரியார்குளம்
11-9-1962

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்த கையோடு அடுப்பில் போட்டேன். என் தம்பி எங்களுக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?

இனி நான் கேட்பது தப்பு. தெரிந்தேதான் கேட்கிறேன். சாமியாரிடமும் ராணியிடமும் வாசித்துக் காட்டும்படி இன்னொரு கடிதம் எழுதித் தாருங்கள். கடக்கும்போது அடிபட்டான் என்று இருந்தால் போதும். அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஊர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பாவம் என் தலையில் இருக்கட்டும்.

மரியசூசை

*

முத்தாரம்மன் துணை

தாராவி
18-9-1962

மரியாதைக்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

தம்பி தனசீலன் எப்படி இறந்தார் என்று குடும்பத்தார் கேட்டிருந்தீர்கள். அன்று பலத்த மழை. அவர் தண்டவாளத்தைக் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து லைனில் எலெக்ட்ரிக் வண்டி போன சத்தத்தில் எங்கள் வண்டி வருவது அவருக்குத் தெரியவில்லை. ஒரு நொடியில் முடிந்துவிட்டது. வேதனைப்பட்டிருக்க மாட்டார். இதை நான் கண்ணால் கண்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சுயம்பு, பயர்மேன்

*

சேசு மரி சூசை துணை

சவேரியார்குளம்
20-1-1963

அன்புத் தம்பிக்கு,

பூசை நல்லபடியாக நடந்தது. கோயிலில் அவன் பெயரைச் சொன்னபோது ராணி முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. ஜெயசீலி என்று பெயர் வைத்திருக்கிறோம். தனசீலனின் மூக்கு அப்படியே.

ஒரு சங்கடமும் வந்திருக்கிறது. ராணியின் தகப்பனார் ஏசுதாஸ் மாமா, எனக்குத் தெரியாமல் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் போயிருக்கிறார். ‘வண்டி வருவது தெரியவில்லை என்றால் விசில் கொடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்’ என்று வக்கீல் ரயில்வேக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார். நான் தடுத்துப் பார்த்தேன். “உம்ம தம்பியைக் கொன்னவனுக்கு நீரு ஏன் பரிஞ்சு பேசுதீரு?” என்று மாமா சண்டைக்கு வந்தார்.

பெரிய ஆபீஸில் இதையெல்லாம் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

மரியசூசை

*

முத்தாரம்மன் துணை

தாராவி
3-3-1963

அண்ணாச்சிக்கு,

வாசித்துவிட்டார்கள். மோரேஷ்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரணை போட்டிருக்கிறார்கள். இந்த வருடம் ரிட்டையர் ஆக வேண்டியவர். கிளீனராக வந்த எனக்கு நெருப்பை எப்படிப் பரப்ப வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்த மனிதர்.

நேற்று தாராவிக்கே தேடி வந்துவிட்டார். என் மனைவி முருகம்மாள் கொடுத்த டீயைத் தொடவில்லை. “சச் போல், சுயம்பு” என்றார். உண்மையைச் சொல் என்று அர்த்தம். “நான் விசில் கொடுத்தேனா இல்லையா? நீ பார்த்தாயா இல்லையா? இந்த லெட்டர் உன் கையெழுத்துதானா?” என் கையெழுத்துதான் என்றேன். எழுந்து போய்விட்டார்.

இந்த மாதக் கடைசியில் என்னை விசாரிக்கிறார்கள். மாமாவிடம் சொல்லி மனுவைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ராணியிடம் நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள். வேறு யாரோ சொல்லி அவர்கள் கேட்கக் கூடாது.

சுயம்பு

*

சேசு மரி சூசை துணை

சவேரியார்குளம்
12-3-1963

தம்பி,

மாமா கேட்கவில்லை. ராணியிடம் சொல்லவென்று இரண்டு முறை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்துவிட்டேன். உண்மை வெளியே வந்தால் பொய் சொல்லிப் பூசை வைத்தவன் என்று என்னைக் கோயிலைவிட்டு இறக்குவார்கள். அதைக்கூடத் தாங்கலாம். அந்தப் பெண்ணை ஊர் என்ன சொல்லும்? ‘புருசன் சாகும்படி என்ன செஞ்சாளோ’ என்றுதான் சொல்லும்.

உங்கள் காலில் விழுகிறேன். சொல்லிவிடாதீர்கள்.

மரியசூசை

*

முத்தாரம்மன் துணை

தாராவி
30-3-1963

அண்ணாச்சிக்கு,

விசாரணை முடிந்தது. டிரைவர் விசில் கொடுத்தாரா என்று கேட்டார்கள். கொடுத்தார் என்றேன். வலப்பக்கம் பார்க்க வேண்டியது யார்? நான். ஆளைப் பார்த்தாயா? பார்க்கவில்லை, குனிந்து கரி போட்டுக்கொண்டிருந்தேன், நான் பார்த்துச் சொல்லியிருந்தால் வண்டியின் வேகத்தைக் குறைத்திருக்கலாம் என்றேன்.

நான் கத்தினது மோரேஷ்வர் காதில் விழுந்ததுதான். எதிர் நாற்காலியில் இருந்து என்னையே பார்த்தார். அந்த ஆபீஸர் அவரிடம் திரும்பி, “இவன் சொல்வது சரிதானா?” என்றார். மோரேஷ்வர் தலையைக் குனிந்துகொண்டு, “சரிதான் சாப்” என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

அவரை விட்டுவிட்டார்கள். என்னை இன்ஜினைவிட்டு இறக்கி ஷெட்டில் சாம்பல் குழிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்ஜின்கள் வந்து நின்று கொட்டுகிற சாம்பலைக் கீழே இறங்கி அள்ள வேண்டும். இனி மேலே ஏற முடியாது.

முருகம்மாள் என்னிடம் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள்: “செத்தவன் பொண்டாட்டிக்காகப் பாத்தியளே, உசுரோட இருக்க நான் என்ன பாவம் செஞ்சேன்?”

ராணிக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

சுயம்பு

*

சேசு மரி சூசை துணை

சவேரியார்குளம்
19-8-1963

அன்புத் தம்பிக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்கு என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

ரயில்வேயிலிருந்து மாமாவுக்குக் கடிதம் வந்தது. ‘பயர்மேன் சுயம்புவின் கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தது. ராணி ஐந்தாம் வகுப்பு படித்தவள். தானே வாங்கி வாசித்தாள். அன்று முதல் உங்கள் பெயர் எங்கள் வீட்டில் எப்படிப் புழங்குகிறது என்பதை எழுத மாட்டேன்.

தனசீலனின் வருஷப் பூசைக்கு முதல் நாள், சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அந்த ஆளை மன்னித்தால்தான் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கிற அப்பம், வாங்கலாம் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். “முடியாது சாமி” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். மறுநாள் புருசனுக்கு நடந்த பூசையில் எல்லாரும் நன்மை வாங்கப் போனபோது இவள் மட்டும் பின்னால் தூணோரம் நின்றாள். எந்தக் கோயில் அவளை வெளியே தள்ளிவிடும் என்று நாம் பயந்தோமோ, அந்தக் கோயிலைவிட்டு அவளே வெளியே நிற்கிறாள். பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிற நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இனிமேலும் வராது. உங்கள் கையெழுத்தை அவள் அறிவாள். தயவுசெய்து இனி எழுதாதீர்கள். உங்களை நான் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம்தான் வரும்.

மரியசூசை

*

முத்தாரம்மன் துணை

தாராவி
8-9-1963

அண்ணாச்சிக்கு,

கோபம் வந்தது. எழுதாதே என்றீர்கள், இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

முருகம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். நம் பக்கத்துச் சந்தையில் உங்கள் ஊர்க்காரர்கள் யாரோ, ‘ரயிலைப் பார்க்காம ஓட்டி ஆளைக் கொன்னவன் பொண்டாட்டி’ என்று அவளைக் காட்டிப் பேசினார்களாம். என் மகன் அது நிஜமா என்று கேட்டு எழுதியிருக்கிறான். அவனுக்கு ஏழு வயது. என்ன எழுதுவது?

ராணி தங்கச்சிக்குக் கெடுதல் வரக் கூடாது என்றுதான் செய்தேன். அவர்களுக்கும் நிம்மதி இல்லை, எனக்கும் இல்லை என்றால் எதற்காகச் செய்தோம்? நான் அவரைப் பார்த்தேன், அண்ணாச்சி. டி.பி.யை உங்கள் எல்லாரிடமும் மறைத்துவிட்டு அவர் தானாக வந்து நின்றார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். இதை ஒரு ஆளிடமாவது சொல்லுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம். அந்தத் தங்கச்சியிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

சுயம்பு

*

சவேரியார்குளம்
29-9-1963

சுயம்பு அண்ணனுக்குச் சகாயராணி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்த நேரம் பெரியத்தான் கோயில் வேலையாக வெளியூர் போயிருந்தார். உறையில் உங்கள் பெயரைப் பார்த்ததும், கிழித்துப் போடத்தான் வாங்கினேன். கிழிப்பதற்கு முன் வாசித்தேன்.

மூன்று நாள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவர் கடைசியாக ஊருக்கு வந்தபோது இருமினார். கேட்டதற்குத் தோல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நானும் நம்பினேன். நான் இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்று இப்போது நினைக்கிறேன். உங்கள் மேல் கோபமாக இருந்தவரை இந்த நினைப்பு வரவில்லை.

பெரியத்தானிடம் உங்கள் கடிதத்தைக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால், என் முகத்தைப் பார்க்க முடியாமல் எங்காவது போய்விடுவார். அத்தை அதற்குப் பிறகு உயிரோடு இருக்க மாட்டார்கள். அதனால் நானும் வாயைத் திறக்கப் போவதில்லை. ஊரில் உங்கள் பெயரை என்னால் திருத்த முடியாது. ஜெயசீலிக்குக் கோயிலில் பெயர் சொல்லக்கூடிய அப்பா வேண்டும், அண்ணே. என்னைச் சுயநலக்காரி என்று நினைத்தால் அது சரிதான்.

முந்தாநாள் சந்தைக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி உங்கள் ஊருக்குப் போனேன். மதினியைக் கண்டுபிடித்தேன். நான் யார் என்று சொன்னதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திறக்கவில்லை. ஆனால் உங்கள் மகன் வாசலில்தான் நின்றான். அவன் கேட்டுக்கொண்டான்.

என்னால் முடிந்தது அவ்வளவுதான். இனி கடிதம் வேண்டாம். அடுத்தது வேறு யார் கையிலாவது கிடைக்கும்.

சகாயராணி