தொடர்கதையில் பிழைத்தவர்

மார்ச் 4

அன்புள்ள சின்னு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீ காய்ச்சல் வார்டில் நாள் முழுக்க நிற்கிறாய். நான் வீட்டில் உட்கார்ந்து கொள்ளைநோய்த் தொடர்கதை எழுதுகிறேன். ஆரம்பித்தபோது ஊரில் ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. நிறுத்திவிடலாமா என்றால் பத்திரிகை ஆசிரியர், "இப்பதாம்மா சூடு பிடிச்சிருக்கு" என்கிறார். வார்டைப் பற்றி நாலு வரி எழுது. கையுறையைக் கழற்றியதும் விரல் எப்படி இருக்கும்?

உன் அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

ஊறிப்போய் வெளுத்திருக்கும். போதுமா? மாதம் ஒரு கடிதம், அதிலும் விரலைத்தான் விசாரிக்கிறாய். உன் கதையை இங்கே கைமாற்றிப் படிக்கிறார்கள். ஆறாம் படுக்கைத் தையல்காரர், "அந்த வாத்தியாரை மட்டும் சாகடிக்க வேண்டாம்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க சிஸ்டர்" என்றார். பாவம், பிழைக்க வைத்துவிடு.

சின்னு

மார்ச் 17

சின்னு,

வாத்தியார் பிழைத்துவிட்டார், தையல்காரரிடம் சொல். உன் அத்தானை நேற்று உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். செருப்புகூடப் போடாமல் வண்டியேறினார். எனக்கும் காய்ச்சல், வெளியே விட மறுக்கிறார்கள். அவர் பக்கத்தில் இரு. உள்ளதை எழுது.

அக்கா

மார்ச் 20

அன்பு அக்கா,

அத்தான் தேறிவருகிறார். காலையில் சாய்ந்து உட்கார்ந்து அரை டம்ளர் பால் குடித்தார். "என் கண்ணாடியை எங்க வெச்சாள்னு உங்க அக்காவைக் கேளு" என்று சிரித்தார். வாத்தியார் பிழைத்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். நீ மாத்திரையை விடாதே. நன்றாகத் தூங்கு.

சின்னு

மார்ச் 28

சின்னு,

காய்ச்சல் விட்டது. இன்று சுகாதார அலுவலகத்திலிருந்து சீட்டு வந்தது. அவர் இறந்தது பதினெட்டாம் தேதி மதியம் என்றிருக்கிறது. உன் கடிதத்தில் இருபதாம் தேதி. எது தப்பு?

அக்கா

மார்ச் 30

அக்கா,

சீட்டில் தப்பில்லை. அன்று என்னைப் பெண்கள் வார்டு வேலைக்குப் போட்டிருந்தார்கள். ஓடிவந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். அவருக்குக் கடைசிவரை நினைவு திரும்பவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. உன்னைப் பார்த்துவந்த டாக்டர், "இப்ப சொன்னா தாங்க மாட்டாங்க" என்றார். உன்னையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். பால், சிரிப்பு எல்லாம் நானாக எழுதியது. தையல்காரரும் போய்விட்டார். திட்டியாவது ஒரு வரி எழுது.

சின்னு

ஏப்ரல் 6

சின்னு,

திட்டவில்லை. உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துப் படித்துப் படித்துத்தான் எழுந்து உட்கார்ந்தேன். அவர் வருவாரென்று சட்டைகளை இஸ்திரி போட்டேன். கண்ணாடியைத் தேடியெடுத்துத் துடைத்தும் வைத்தேன். அப்போது அவர் போய்ப் பத்து நாள்.

தொடர்கதையை நிறுத்திவிட்டேன். ஆசிரியர் இந்தமுறை தடுக்கவில்லை.

என்னைக் காப்பாற்றத்தான் எழுதினாய், தெரியும். ஆனால் இனி எனக்கு எழுதாதே. எழுதினால் மறுபடியும் நம்பிவிடுவேன்.

அக்கா