நாலு பேருக்கு ஒரே கார்டு

மார்ச் 3, செவ்வாய்
காலை, அடுப்படி மேஜை

என்னங்க,

நீங்கள் தூங்குகிறீர்கள், நான் டிப்போவுக்குக் கிளம்புகிறேன். நீங்கள் எழும்போது நான் பஸ்ஸில் இருப்பேன். நான் திரும்பும்போது நீங்கள் பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருப்பீர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதிக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டி உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் என்று பெரியவள் தன் சிநேகிதிகளிடம் பீற்றிக்கொள்கிறாளாம். பீற்றிக்கொள்ளட்டும். வாயால் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. எழுதினால் அந்தச் சண்டையாவது ஒழுங்காக வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று டிப்போவில் வருஷாந்திர உடல் பரிசோதனை. எனக்குப் பிரஷர் அதிகம், எடையும் அதிகம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "மூணு மாசம் டைம் தர்றேன்மா. அதுக்குள்ள குறையலைன்னா பஸ்ஸை விட்டு இறக்கி டிக்கெட் கவுன்டர்ல உட்கார வெச்சிடுவாங்க. நான் எழுதித்தான் ஆகணும், என் மேல வருத்தப்படாதே."

டிக்கெட் கவுன்டராம்! இரண்டு பஸ்ஸை ஒட்டவைத்த மாதிரி இருக்குமே, அந்த நீள பஸ்ஸை இந்த டிப்போவில் ஓட்டும் ஒரே பொம்பளை நான். ஆஸ்பத்திரி முனையில் ஹாரன் அடிக்காமல், ஒரே திருப்பில் திருப்புகிறவள். என்னைப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் சில்லறை எண்ண வைப்பார்களா?

டிப்போவுக்கு எதிரே புதிதாக ஒரு ஜிம் வந்திருக்கிறது. குடும்பத்துக்கு என்று ஒரு வருஷ மெம்பர்ஷிப் வைத்திருக்கிறார்கள், நாலு பேருக்கு ஒரே கார்டு. விலையைக் கேட்டதும் எனக்கு இருந்த பிரஷர் இன்னும் ஏறியது. உங்கள் ஒரு மாதச் சம்பளம் முழுசாகப் போய்விடும். இரண்டு வாரம் சும்மா வந்து பாருங்கள் என்கிறார்கள். பேரைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்,
டிரைவரம்மா

பதிலை வழக்கம்போல பிரெட் டப்பாவுக்கு அடியில் வையுங்கள். போன தடவை ஃப்ரிட்ஜ் மேல் வைத்ததில் வாண்டு அதில் ராக்கெட் செய்துவிட்டான்.


மார்ச் 4, புதன்
சாயங்காலம்

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

கடிதம் கண்டேன், இரண்டு தடவை படித்தேன். பிரஷர் விஷயத்தை ஏன் நேற்றே எழுப்பிச் சொல்லவில்லை? "தூங்கறவரை எதுக்கு எழுப்பணும்" என்பாய். உன் உடம்பைவிடவா என் தூக்கம் பெரிசு?

ஜிம்முக்கு நீ போ, தாராளமாகப் போ. ஆனால் ஒரு ஆளுக்கான மெம்பர்ஷிப் போதுமே, அது பாதி விலைகூட வராது. வாண்டு நாள் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருக்கிறான், அவனை உட்கார வைப்பதற்கு யாராவது ஒரு கார்டு விற்றால் உடனே வாங்கலாம். பெரியவள் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுகிறாள். நானோ ராத்திரி பூரா மாவு மூட்டை தூக்குகிறவன். என்னைப் பார்த்து ஜிம்முக்கு வா என்றால், மீனைப் பார்த்து நீச்சல் கற்றுக்கொள் என்கிற மாதிரி இருக்கிறது.

தவிர, நம் வாஷிங் மெஷினை நினைத்துப் பார். துணி சுற்றும்போது குளியலறையிலிருந்து அடுப்படி வரைக்கும் நடந்தே வந்துவிடுகிறது. ஜிம்முக்குப் போகாமலே உடற்பயிற்சி செய்யும் ஒரே ஜீவன் அதுதான். இந்த வருஷம் அதை மாற்றுவதாக இருந்தோம்.

யோசி. மாத்திரையை மறக்காமல் போடு.

உன்,
மாவு மகாராஜா


மார்ச் 6, வெள்ளி
காலை

மகாராஜா அவர்களுக்கு,

ஒரு ஆளுக்கான கார்டு எனக்கு வேண்டாம். எடுத்தால் நாலு பேருக்கு, இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள்.

மெஷின் நடக்கிறது என்று கிண்டல் செய்கிறீர்கள். அதற்காவது நடக்க வழி இருக்கிறது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நீங்களும் சேர்ந்து வந்தால் என்ன குடி முழுகிப் போகும்? மூட்டை தூக்குகிற பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கீழ்வீட்டு ஐயா சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் மாடி ஏறி வரும்போது நடுவுல நின்னு எங்க கதவைப் பிடிச்சுக்கிறாரும்மா."

ஒரே ஒரு நாள் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்க்காமலே சொன்னால் அது வெறும் வீம்பு.

உங்கள்,
அதே டிரைவரம்மா


மார்ச் 9, திங்கள்

அன்புள்ளவளுக்கு,

போனேன். பார்த்தேன். வேண்டாம்.

தைலம் எங்கே வைத்தாய்?

உன்,
ம. ம.


மார்ச் 11, புதன்
காலை

என் அருமை மாவு மகாராஜாவுக்கு,

தைலம் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. எதற்கு என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும்.

நேற்று சாயங்காலம் பஸ் நிறையக் கூட்டம். எனக்கு நேர் பின்னால் இரண்டு பையன்கள் நின்றுகொண்டு பேசினார்கள். "டேய், நம்ம ஜிம்முக்கு ஒரு பெரிய லிஃப்டர் வந்திருக்காருடா. கையெல்லாம் வெள்ளைப் பவுடர். யார்கிட்டயும் பேசல. நேரா வந்தாரு, நம்ம மாஸ்டர் தூக்கற வெயிட்டை அலேக்கா தூக்கிட்டாரு!" இன்னொருவன் கேட்டான், "ஆளு எப்படிடா இருப்பாரு?" முதல் பையன் சொன்னான், "தொப்பையும் மீசையுமா, நம்ம அப்பா மாதிரிதான்டா இருக்காரு. ஆனா மேல ரொட்டி வாசனை வருதுடா."

ரொட்டி வாசனை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. சிக்னலில் பஸ்ஸை நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தேன். பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஹாரன் அடிக்காமல் ஓட்டுகிற எனக்கு, உங்களால் இப்படி ஒரு பேர்!

உண்மையைச் சொல்கிறேன். சிரிப்பு அடங்கினதும் பெருமையாக இருந்தது. திரும்பி, "அது எங்க வீட்டுக்காரர்தான்டா" என்று சொல்ல வாய் துடித்தது. ஓட்டும்போது பயணிகளிடம் பேசக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறதே, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

உங்கள்,
டிரைவரம்மா


மார்ச் 12, வியாழன்

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று இருந்துவிடலாம் என நினைத்தேன். உன் பஸ்ஸில் ஊரே ஏறுகிறது என்பதை மறந்துவிட்டேன்.

ஷிஃப்ட் முடிந்து குளிக்காமல் நேராகப் போய்விட்டேன், அதுதான் தப்பு. முழங்கை வரைக்கும் மாவு. பளு தூக்குகிறவர்கள் கை வழுக்காமல் இருக்க ஏதோ வெள்ளைப் பொடி பூசிக்கொள்வார்களாமே, எனக்கு என்ன தெரியும்? உள்ளே நுழைந்ததும் பையன்கள் என் கையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், வழிவிட்டு நின்றார்கள். ஒருத்தன் பக்கத்தில் வந்து, "மாஸ்டர், போட்டிக்கு ரெடி ஆகறீங்களா?" என்றான். "இல்லப்பா, நான் ரொட்டி போடறவன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆகிறது, சொல்லு பார்க்கலாம். பேக்கரியில் முதலாளி "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார்.

மூட்டை தூக்குகிற மாதிரியே முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, ஒரு மூச்சுப் பிடித்துத் தூக்கினேன். வந்துவிட்டது! கை தட்டினார்கள். அதோடு வீட்டுக்கு வந்திருந்தால் நான் புத்திசாலி. "இன்னும் ரெண்டு தட்டு போடலாமா மாஸ்டர்?" என்றான் அந்தப் பையன். போதும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தோள்பட்டையில் பளிச்சென்று ஒரு பிடிப்பு. முகத்தை மட்டும் சிரித்தபடி வைத்துக்கொண்டு கம்பியை இறக்கினேன்.

கையை அசைக்க முடியாது, உடனே வெளியே போனால் மானம் போகும். அதனால் நடக்கிற மெஷினில் ஏறினேன். பக்கத்து மெஷினில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர், எழுபது வயசுக்கு மேல் இருக்கும், ஃபோனில் மருமகளோடு பேசிக்கொண்டே நடந்தார். நான் அவருடைய வேகத்தில் பாதிகூட இல்லை, அதற்கே மூச்சு இரைத்தது. அவர் ஃபோனை இறக்கிவிட்டு, "தம்பி, உட்காருங்க, முகம் வெளுத்துப் போச்சு" என்றார். மாவு என்று சொல்லித் தப்பித்தேன்.

மாடிப்படியில் நிற்பதற்கும் மாவுத் தூசியைத்தான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு ஐயா சொன்னது நிஜம். எனக்குத் தோளில் இருக்கிற பலம் மூச்சில் இல்லை.

இப்போது நீ ஒன்று சொல்ல வேண்டும். கவுன்டரில் இருந்த பெண், "உங்க வீட்டம்மா முதல் நாளே வந்தாங்களே சார், பத்து நிமிஷத்துல போயிட்டாங்க" என்றாள். நீ போனதை எனக்கு ஏன் எழுதவில்லை? போனவள் ஏன் திரும்பினாய்?

உன்,
ஒரு கை மட்டும் தூக்க முடிகிற மகாராஜா


மார்ச் 13, வெள்ளி
காலை

என்னங்க,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

அந்த அறையில் நாலு சுவரும் கண்ணாடி. எங்கே திரும்பினாலும் நான்தான் நிற்கிறேன். டிப்போ பேன்ட்டும் தொளதொளச் சட்டையுமாக, முன்னாலும் நான், பின்னாலும் நான். பஸ்ஸிலும் எனக்குக் கண்ணாடிகள் உண்டு. அதில் மற்ற எல்லோரையும் பார்த்துத்தான் பழக்கம், என்னைப் பார்த்துப் பழக்கமில்லை. ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல மனசோடுதான் சிரித்திருப்பாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அவ்வளவு நீள பஸ்ஸைத் திருப்புகிறவள், அங்கே கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். வந்துவிட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் பக்கத்தில் இருந்தால் யார் பார்த்தாலும் எனக்குக் கவலை இல்லை. வாண்டு ஏதாவது உளறுவான், பெரியவள் அவனை அடிப்பாள், நீங்கள் மீசையை முறுக்குவீர்கள். எனக்குக் கண்ணாடி ஞாபகமே வராது. நாலு பேருக்கு என்று நான் அடம்பிடித்தது இதற்குத்தான். சொல்ல வெட்கமாக இருந்தது.

விலை அதிகம்தான். நம்மால் முடியாது என்றால் விட்டுவிடலாம். டிக்கெட் கவுன்டரிலும் மனுஷர்கள்தானே உட்காருகிறார்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 16, திங்கள்
அவசரம்

என் டிரைவரம்மாவுக்கு,

டிக்கெட் கவுன்டர் என்ற வார்த்தையை இனி எழுதாதே. படித்துவிட்டு சனிக்கிழமை ராத்திரி ஒரு தட்டு ரொட்டியைக் கருக்கினேன். முதலாளி கத்தினார். கத்தட்டும்.

மெம்பர்ஷிப் எடுத்தாகிவிட்டது. வாஷிங் மெஷின் இன்னும் ஒரு வருஷம் நடக்கட்டும், அதன் உடம்புக்கும் நல்லது.

கார்டு எழுதும்போது அந்தக் கவுன்டர் பெண், "மெயின் மெம்பர் நீங்கதானே சார்?" என்றாள். "இல்லம்மா, எங்க வீட்டை ஓட்டறவங்க பேரைப் போடு" என்றேன். "அவங்க என்ன வேலை சார்?" என்றாள். "நீள பஸ் டிரைவர். கொஞ்சம் பெரிய எழுத்தாப் போடும்மா" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஆள் எட்டிப் பார்த்தார். "ஆஸ்பத்திரி முனையில ஒரே திருப்பா திருப்புவாங்களே, அந்தம்மாவா சார்? எங்கம்மா அவங்க பஸ் வந்தாத்தான் ஏறுவாங்க" என்றார். எனக்கு அரை அடி உயரம் கூடிவிட்டது. மாஸ்டர் என்று கூப்பிட்டபோதுகூட இவ்வளவு கூடவில்லை.

நான் ஷிஃப்ட் முடிந்து வருகிற நேரமும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முந்தின நேரமும் ஒன்றுதான். தூக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. நாளைக் காலை ஆறரைக்கு ஜிம் வாசலில் நிற்பேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. அந்தத் தொளதொளச் சட்டையிலேயே வா, உனக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. உன்னை யாரும் பார்க்க மாட்டார்கள், நான் கையைக் கழுவாமல் வருகிறேன்.

உன்,
சாதா மெம்பர்


ஜூன் 2, செவ்வாய்
டிப்போ, மதியம்

என்னங்க,

மார்ச்சுக்குப் பிறகு பிரெட் டப்பாவுக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்று பெரியவள் கேட்கிறாள், "அம்மா, நீங்க ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லையா?" ஐயோ, அவள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! காலையில் அந்த நடக்கிற மெஷினில் நாம் பேசுகிற பேச்சில் டீச்சரம்மா தன் மருமகளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். நம் வீட்டுக் கதை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. நேற்று என்னிடம், "உங்க முதலாளி இன்னும் அவரை ஏய்னுதான் கூப்பிடறாரா?" என்று விசாரிக்கிறார்.

இன்று பரிசோதனை. நாளைக் காலை வரைக்கும் பொறுக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இன்னொன்று, நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், நாலு சுவர் கண்ணாடியிலும் நானே அழுவதை என்னால் பார்க்க முடியாது. கண்டக்டர் தம்பி சாயங்காலம் டியூட்டி முடிந்து உங்கள் பேக்கரித் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எடை கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. பிரஷர் நன்றாக இறங்கியிருக்கிறது. டாக்டர் ஒரு தடவை பார்த்தார், நம்பாமல் மறு தடவையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பஸ்ஸை நீயே வெச்சுக்கோம்மா" என்றார்.

பிறகு கேட்டார், "அந்த ஜிம் ரொம்ப விலையாமே, அப்படி என்னதான் பண்றாங்க அங்கே?"

நான் சொன்னேன்: "தினம் காலையில ஒரு மணி நேரம் என் வீட்டுக்காரரோட பேசறேன் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "அதை விட்டுடாதே" என்றார்.

நேரமாகிவிட்டது, பஸ் எடுக்க வேண்டும். இன்று ராத்திரி கடைசி டிரிப் உங்கள் பேக்கரி வழியாக வரும். வாசலில் வந்து நில்லுங்கள். வாழ்நாளில் முதல் தடவையாகக் காரணமில்லாமல் ஹாரன் அடிக்கப் போகிறேன்.

உங்கள்,
மெயின் மெம்பர்