என் அடுப்பையும் ஊதிய ஆச்சிக்கு

ஆச்சி,

இன்று காலை என் அடுப்படிக்குக் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. சிலிண்டரைச் சுமந்துவந்தவர் குழாயை மாட்டி, தீக்குச்சியைக் கிழித்து எரியவிட்டுக் காட்டினார். நீலமாகப் பற்றிக்கொண்டது. ஊத வேண்டாம், விசிற வேண்டாம், ஈர விறகைத் திட்ட வேண்டாம். அழுகின முட்டைக்கோசு மாதிரி ஒரு வாடை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. "பொகையே வராதும்மா" என்றார் பெருமையாக. எனக்கு உடனே உங்கள் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன். யார் யார்மேல் என்று கேட்டால் உங்களையும் விட்டுவிட மாட்டேன்.

உங்களுக்குத் தெரியாதது எதையும் நான் எழுதப் போவதில்லை. இருந்தாலும் சொல்லித் தீர்த்தால்தான் எனக்கு ஆறும்.

நீங்கள் மூத்த மருமகள், நான் மூன்றாவது. ஓரகத்தி என்று பேர்தானே தவிர, கூடப் பிறந்த அக்காவைப் போல உங்களை ஆச்சி என்றுதான் கூப்பிட்டேன். நம் வீடுகளில் கல்யாணமான கையோடு வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வாசல், வளவு என்கிற ஒரே முற்றம், ஒரே கிணறு. ஆனால் ஒவ்வொரு மருமகளுக்கும் தனி அடுப்பு, தனி அரிசி, தனி விறகு. சண்டை வராமலிருக்க ஏற்பட்ட வழக்கம் என்பார் மாமியார். இருக்கலாம். ஆனால் ஒருத்தியின் பிள்ளை பசித்து அழும்போது, இரண்டடி தள்ளி உலை கொதிக்கிற இன்னொருத்தி அகப்பையோடு வரக் கூடாது. வந்தால் கணக்கு கலைந்துவிடுமாம்.

பர்மாவில் இருந்த கடை போய், என் வீட்டுக்காரர் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய சமயம் அது. அவர் மதுரையில் ஒரு மருந்துக் கடைக்குக் கணக்கெழுதப் போனார். சனிக்கிழமை வருவார், ஞாயிறு மாலை போய்விடுவார். நான் கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்ததால் மில் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பிறகு வளையல்களை விற்று, பழைய மெஷின்கள் நான்கு வாங்கி, கல்லுக்கட்டிக் கடைத்தெருப் பக்கம் ஒரு மாடி அறையில் இன்ஸ்டிடியூட் ஆரம்பித்தேன். விடியற்காலையில் வகுப்பு, பகலெல்லாம் ஆபீஸ், சாயங்காலம் மறுபடி வகுப்பு. இதற்கு நடுவில் எட்டு மாதப் பெண் குழந்தை.

மாமியார் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "போறது வாரது அவ பாடு. ஆனா காலையில அவ அடுப்புல பொகை வரணும். ஒரு அடுப்பு எரியாமக் கெடந்தா வீட்டுக்கு ஆகாது. என்னைக்குப் பொகை வரலையோ, அன்னைக்கு அந்த மாடிய மூடிறணும்."

சில நாள் நாலு மணிக்கே எழுந்து எரித்துப் பார்த்தேன். கையைச் சுட்டுக்கொண்டேன். ஆபீசில் தூக்கக் கலக்கத்தில் மில்லின் பெயரையே தப்பாக அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்படி ஒரு காலையில்தான், இடுப்பில் என் பெண்ணும் கையில் ஊதாங்குழலுமாக என் அடுப்படியில் வந்து நின்றீர்கள்.

"இந்தா, நீ கெளம்பு. ஒன் அடுப்ப நான் பத்த வச்சுக்கிறேன்."

"அயித்தை பாத்தா என்ன சொல்லுவாக, ஆச்சி?"

"அவுகளுக்குப் பொகை வந்தாப் போதும். ஊதுறது யாருன்னு அங்குட்டு இருந்து தெரியவா போகுது?"

அன்று முதல் இரண்டு அடுப்பும் உங்கள் பொறுப்பில் எரிந்தன. உங்கள் மூன்று பையன்களுக்கு உங்கள் அடுப்பில் சமைத்தீர்கள். என் பெண்ணுக்கு என் அரிசியை, என் விறகில், என் பானையில் வேக வைத்தீர்கள். உங்கள் சோற்றில் ஒரு பருக்கையைக்கூட அவளுக்குக் கொடுத்ததில்லை. வழக்கத்தை அவ்வளவு கறாராகக் காப்பாற்றிக்கொண்டே அதை ஏமாற்றியவர் அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான். ஒரு நாள் நான் களைத்து வந்து படியேறும்போது, பாத்திரம் துலக்கிக்கொண்டே "இன்னைக்கு ஒம் மக நடந்துட்டா" என்றீர்கள். சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். எனக்கு அழுகை வந்தது.

தெருவில் எனக்குத்தான் பேர். "அடுப்பும் அணையல, ஆபீசும் போறா. எப்படித்தான் சமாளிக்கிறாளோ" என்பார்கள், கோயிலில் பார்த்தால். நான் வாயைத் திறக்கப் பார்த்தால் பின்னாலிருந்து என் கையைக் கிள்ளுவீர்கள்.

அப்புறம் அந்த இளையாத்தங்குடிப் பயணம் வந்தது. உங்கள் அண்ணன் வீட்டாரோடு கோயிலுக்குப் போய் மறுநாளே வந்துவிடுவதாகச் சொன்னீர்கள். கூட ஒரு நாள் தங்கும்படி ஆயிற்று. முதல் நாள் எப்படியோ ஒப்பேற்றினேன். அடுத்த நாள் சர்க்கார் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வாசலில் காத்திருந்தார்கள். குழந்தையை மாமியார் பக்கத்தில் விட்டுவிட்டு ஓடினேன். என் அடுப்பு சில்லென்று கிடந்தது.

சாயங்காலம் வளவில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். "அப்ப இத்தனை நாளும் மூட்டுனது யாரு?" என்று மாமியார் கேட்டார். உங்கள் வீட்டுக்காரர்தான் தீர்ப்புச் சொன்னார்: "நாளைக்கே மாடிச் சாவியக் குடுத்துட்டு வரச் சொல்லுங்க." சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைக்கக் கை போனபோதுதான் நெற்றியில் விபூதியும் தோளில் பையுமாக நீங்கள் உள்ளே வந்தீர்கள். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டீர்கள்.

"நாந்தான் மூட்டுனேன். அரிசி அவ அரிசி, விறகு அவ விறகு. அடுப்பத்தானே வேறு வச்சீக, அயித்தை. என் கைய யாரும் வேறு வைக்கலையே."

உங்கள் வீட்டுக்காரர் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். சாவி என்னிடமே இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு இன்று கோபம் வந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு என் மாடிக்கு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினீர்கள். வரி முடிந்து மணி அடித்ததும் அப்படிச் சிரித்தீர்கள். அந்தத் தாளை மடித்து மடியில் சொருகிக்கொண்டு, திரும்பி நடக்கும்போது மெதுவாகக் கேட்டீர்கள்: "பொம்பளப் புள்ளைக காலை வகுப்புக்குத் தொணையா ஒக்கார ஒரு ஆள் வேணும்னியே. நான் வரட்டா?"

நாளைக்கே வாருங்கள் என்றேன். மறுநாள் விடியுமுன் வாசலில் காத்து நின்றேன். நீங்கள் வெளியே வந்தீர்கள், கையில் ஊதாங்குழலோடு.

"நானும் வந்துட்டா ரெண்டு அடுப்பையும் யாரு பாக்குறது?"

வேடிக்கை போலத்தான் சொன்னீர்கள். நான் சண்டை போட்டேன். ஆள் வைக்கலாம் என்றேன். "வெளியாளு அடுப்படிக்குள்ள வந்தா அயித்தை விடுவாகளா? போ, நேரமாச்சு" என்றீர்கள். நேரமாகித்தான் இருந்தது, போனேன். ஒருத்தி படியிறங்கிப் போக இன்னொருத்தி உள்ளே நின்று ஊத வேண்டும் என்றால் இதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? அந்த வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கும் வாய் இருந்தது. அவர்களில் யாராவது ஊதினால் என்ன என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் கேட்டிருக்கலாம் ஆச்சி, உங்களுக்குத்தான் அந்தத் துணிச்சல் இருந்தது.

பிறகு இருமல் வந்தது. புகைப் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். "என் அடுப்புல கொறச்சுக்கிட்டேன்" என்று என்னிடம் சொன்னீர்கள், என் அடுப்பை ஊதிக்கொண்டே. நான் குழலைப் பிடுங்கினால் அடுத்த நாள் வேறொன்று வந்துவிடும். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் நீங்கள் போனபோது, என் பெண் "பெரியாத்தா, பெரியாத்தா" என்று அழுத அழுகையை நான் மறக்கவே மாட்டேன். எனக்கு அப்படி அழுவாளா என்று தோன்றியது. பொறாமையாகத்தான் இருந்தது.

போன மாதம் மாதர் சங்கத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். தனி ஒருத்தியாகக் குடும்பத்தையும் தொழிலையும் சமாளித்தவர் என்று பேசினார்கள். நான் மைக்கைப் பிடித்து, "நான் சமாளிக்கவில்லை, என் ஓரகத்தி சமாளித்தார்" என்று சொன்னேன். என்ன அடக்கம் என்று கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சால்வையைக் கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன்.

கேஸ்காரர் போன பிறகு வளவிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. கண் மங்கிவிட்டது, ஆனாலும் வழக்கம் விடவில்லை. "மூணாவது அடுப்புல பொகை வாடையக் காணோமே. இன்னைக்கு மூட்டலையா?"

"மூட்டியாச்சு, அயித்தை. இது பொகையாத அடுப்பு."

மாமியார் சொன்னார்: "மூத்தவ இருக்கையில வந்திருக்கப்படாதா இது."

நான் உள்ளே வந்துவிட்டேன். உங்கள் ஊதாங்குழல் இன்னும் மூலையில்தான் சாய்ந்து நிற்கிறது. இனி இது எதற்கு என்று காலையில் கேஸ்காரர் வெளியே போடப் போனார், நான் தடுத்துவிட்டேன். என் மாணவிகளில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால், "நீங்க சமாளிச்ச மாதிரி நானும் வேலைக்குப் போயிக்கிட்டே சமாளிச்சுக்குவேன், டீச்சர்" என்று வந்து நிற்கிறார்கள். நாளை அந்தக் குழலை மாடிக்கு எடுத்துப் போய் என் மேஜைமேல் வைக்கப் போகிறேன். அடுத்து வருகிற பெண்ணிடம் கொடுத்து, "மாப்பிள்ளைக்கு இத ஊதத் தெரியுமான்னு மொதல்ல கேட்டுட்டு வா" என்று சொல்லப் போகிறேன். அவள் சிரிப்பாள். நான் சிரிக்க மாட்டேன், ஆச்சி.