மூடிக்குள் அடைபட்ட சூடு

ஹவுன்ஸ்லோ,
24.11.1991

அன்பு மகன் யோகராஜாவுக்கு,

நாங்கள் இருவரும் கடவுள் புண்ணியத்தில் நடமாடித் திரிகிறோம். நீயும் அந்த ரொறன்ரோக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். அப்பாவின் கைக்கு என்ன என்று போனில் நீ கேட்டபோது கதவில் நசிந்துவிட்டது என்றேன். அது பொய். அவர் பக்கத்தில் நின்றபடியால் அப்படிச் சொல்லவேண்டி வந்தது. சிநேகிதி கத்தரின் வீட்டிலிருந்து இரண்டு தரம் உனக்குப் போன் எடுத்தேன், நீ வேலைக்குப் போய்விட்டாய் என்று உன்னோடு இருக்கிற பிள்ளை சொன்னான். அதனால்தான் எழுதுகிறேன். பதறாமல் கடைசிவரை வாசி.

நீ விட்டுப்போன மீன் தொட்டி உன் அறையில்தான் இருக்கிறது. வேலை நின்ற நாளிலிருந்து அப்பாவுக்கு அதுதான் எல்லாம், காலையில் தேத்தண்ணியோடு உள்ளே போனால் மத்தியானம் சாப்பிடக் கூப்பிடும்வரை வெளியே வரமாட்டார். மூடியில் இருக்கும் பல்புகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தகடு போட்டிருந்தாயே, அது புரட்டாதியில் கழுவும்போது கை தவறி உடைந்துவிட்டது. அதற்குப் பதிலாகச் சாப்பாடு சுற்றி வைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினார். குளிர் தொடங்கியதும் இரண்டு மீன் செத்து மிதந்தன. அன்று பிடித்த பயம் அவரை விடவில்லை. தண்ணீர் சூடாக இருக்கவேண்டும் என்று மூடியின் பின்பக்கம் காற்றுப் போவதற்கு இருந்த ஓட்டைகளை எல்லாம் பெட்டி ஒட்டுகிற ரேப்பால் அடைத்தார், சின்ன பல்புகளைக் கழற்றிவிட்டுப் பெரிய பல்புகள் போட்டார். சூடு போக வழியில்லை என்றால் ஆவி மட்டும் எப்படிப் போகும்? தாள் உருகி ஓட்டை விழுந்து, மூடிக்குள் முழுக்கத் தண்ணீர் துளி துளியாகக் கோத்து நின்றது. பல்பு பூட்டுகிற இடத்தில் பச்சை பிடித்தது, தகரத்தில் துரு ஏறியது. ஜன்னலும் எந்நேரமும் பூட்டு, சுவரில் ஒட்டின கடதாசி கழன்று அதற்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். அறைக்குள் போனாலே ஏதோ கருகுகிற மணம். ஒருநாள் தூசி துடைக்க மூடியில் கை வைத்தேன், எறும்பு கடித்தது போலச் சுள்ளென்றது. அவரிடம் சொன்னேன். "இஞ்சேரும், குளிருக்கு உம்மடை கை விறைச்சுப் போச்சு, வேறை ஒண்டுமில்லை" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போகவே எனக்குப் பயமாக இருந்தது, அவரோ அதற்குள்ளேயே இருந்தார்.

போன சனிக்கிழமைக்கு முதல் சனிக்கிழமை பின்னேரம் கத்தரின் வந்திருந்தாள். என்னோடு பிளேனுக்குச் சாப்பாடு கட்டுகிற வேலையில் நிற்கிற மன்னார்ப் பிள்ளை, உனக்குத் தெரியும். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேலே 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சத்தில் அவர் இருக்கிற கதிரை விழுகிற சத்தம். கூப்பிட்டேன், பதில் இல்லை. ஓடிப் போனோம். சூடான பல்பில் தண்ணீர் சொட்டி அது வெடித்திருக்கிறது, கண்ணாடித் துண்டு மீனை வெட்டிவிடும் என்று இவர் தொட்டிக்குள் கையை விட்டிருக்கிறார், மற்றக் கை மூடியில். அப்படியே விறைத்துப்போய் நின்றார், வாய் திறந்தபடி, சத்தம் வரவில்லை. கத்தரின் அவரைப் பிடிக்கப் பாய்ந்தாள். "தொடாதை, தொடாதை" என்று கத்திக்கொண்டு நான் சுவரிலிருந்து பிளக்கை இழுத்தேன். விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் திறந்து முதல் கேட்டது என்ன தெரியுமா? "மீன் உயிரோடை கிடக்குதோ?"

உள்ளங்கை வெந்துபோனது, அதைத்தான் நீ கேள்விப்பட்டாய். இரண்டு விரலில் இன்னும் உணர்வில்லை, நெஞ்சுத் துடிப்பும் சீராக இல்லையாம், மார்கழியில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் சும்மா இருக்கவில்லை. ரேப்பை எல்லாம் உரித்தேன், அளவுக்குக் கண்ணாடி வெட்டுவித்துப் போட்டேன், கத்தரினின் மனுசனைக் கொண்டு கம்பியெல்லாம் புதிதாக மாற்றிச் சின்ன பல்பு போடுவித்தேன். இப்போது மூடி காய்ந்து கிடக்கிறது. இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முந்தநாள் யாரிடமோ ஒரு மண்ணெண்ணெய் ஹீற்றர் வாங்கிக்கொண்டு வந்து உன் அறையில் வைத்திருக்கிறார். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாம் ரேப். "மூடிக்குள்ளை சூடு வைக்க விடமாட்டீர், அப்ப அறைக்குள்ளை வைக்கிறன்" என்கிறார். பூட்டின அறைக்குள் அதை எரித்து மூச்சு முட்டிச் செத்தவர்களின் கதை இங்கே எத்தனை கேட்டிருக்கிறோம். மீனுக்காகச் சாகப் போறீங்களோ என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "எயாப்போட்டிலை அவனை ஏசித்தானே அனுப்பினனான். அவன் வரேக்கை, விட்டிட்டுப் போனதாவது உயிரோடை இருக்கவேணும்" என்றார்.

அதனால் மகன், இதை நான் சொல்லி ஆகாது, நீதான் சொல்லவேண்டும். மீனைக் கத்தரின் வீட்டுக்குக் குடுங்கோ அப்பா, எனக்கு வேண்டாம் என்று சொல்லு. உங்களில் கோபம் இல்லை என்றும் சொல்லு. கோபம் இருந்தாலும் சொல்லு. நீயும் நிலக்கீழ் அறையில் ஈர உடுப்பை ஹீற்றருக்கு மேலே போட்டுக் காயவைக்காதே, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. நேரத்துக்குச் சாப்பிடு.

எங்கே இருந்தாலும் தெய்வம் உன் தலையில் கை வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது, அவர் சொல்லாவிட்டாலும். கடிதம் கிடைத்த அன்றே போன் எடு. பகலில் எடு, அவரே தூக்குவார். ஹீற்றருக்கு எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டார், பனி கொட்டத் தொடங்கினால் பற்றவைப்பாராம். அடுத்த கிழமை கொட்டும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள்.

உன் அன்பு அம்மா,
சிவனேஸ்வரி